சைலன்சர் மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம் என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

'எங்களிடம் 11 வருஷமான பெட்ரோல் கார் இருக்கிறது. மூன்று மாதமாக டிராக்டர் மாதிரி சத்தம் போடுகிறது. மெக்கானிக், "சைலன்சர் ஓட்டை விழுந்துடுச்சும்மா, மாத்தணும்" என்றார். காலேஜ் மூன்றாம் வருஷம் படிக்கும் என் மகன், "மாத்துறதுதான் மாத்துறோம், நல்லா கெத்தா சவுண்டு வர்ற ஸ்போர்ட்ஸ் சைலன்சரா போட்டுடலாம்மா. பவரும் ஏறும், மைலேஜும் ஏறும்" என்கிறான். அவன் அப்பாவோ, "அதெல்லாம் வேணாம். தெரிஞ்ச வெல்டர்கிட்ட கொடுத்து ஓட்டையை அடைச்சுக்கலாம்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? இன்னொரு விஷயம், சம்பந்தம் உண்டா தெரியவில்லை. திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் பின் ஸீட்டில் உட்காரும் என் அம்மாவுக்கும் சின்ன மகளுக்கும் தலைவலி, குமட்டல். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை.'

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தலைவலிதான் முதலில் பதில் சொல்ல வேண்டிய விஷயம். சம்பந்தம் உண்டு. இந்த இதழைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், சைலன்சர் சரியாகும் வரை அந்த வண்டியில் யாரையும் வெளியூர் கூட்டிப் போகாமல் இருப்பது.

அது பயண மயக்கமாக இல்லாமலும் இருக்கலாம்

பெட்ரோல் எரிந்து வெளியே வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் காற்றில் கொஞ்சமாகக் கலந்திருந்தாலும், மூச்சு விட விட உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி, தூக்கம் என்று வரிசையாக வரும். தூக்கம்தான் இதில் மோசம். 'பிள்ளை அசந்து தூங்குகிறது' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

சாதாரணப் பயண மயக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? காரில் ஒருவருக்கு மட்டும் வந்தால், மலைப்பாதையில் வந்தால், அது பயண மயக்கமாக இருக்கலாம். ஒரே காரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது, நேரான சாலையிலும் வருகிறது, இறங்கிக் காற்று வாங்கினால் தெளிகிறது, கூடவே வண்டியின் சத்தமும் மாறியிருக்கிறது என்றால் புகையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஏன் பின் ஸீட்டில் மட்டும்? ஓட்டை விழும் பெரிய சைலன்சர் டப்பா பெரும்பாலான கார்களில் பின் ஸீட்டுக்கும் டிக்கிக்கும் கீழேதான் தொங்குகிறது. தரைத் தகட்டில் உள்ள ரப்பர் அடைப்புகள், டிக்கியின் பீடிங் ரப்பர், துருப்பிடித்த மூலைகள் இவற்றில் எதன் வழியாகவும் புகை உள்ளே ஏறலாம். உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் ஏசி ஓடினால், ஏறிய புகை வெளியே போகவும் வழியில்லை.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஒருவர் மட்டும் ஓட்டிக்கொண்டு போங்கள். நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிடுங்கள். ஏசியின் காற்றுச் சுற்று பட்டனை வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறையும், அது புகையை உள்ளே இழுத்துவிடும்.

வழியில் யாருக்காவது தலை சுற்றினால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய் நில்லுங்கள். தெளியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் போகும்போது, 'காரில் சைலன்சர் ஓட்டை' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். அதை இதற்கு நம்பாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் 98 என்று காட்டும். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துதான் கண்டுபிடிக்க முடியும்.

கடலோர ஊரில் சைலன்சர் சீக்கிரம் போவது ஏன்?

'11 வருஷ வண்டிதான், ஆனால் 40 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, எப்படித் துருப்பிடித்தது?' என்று பலர் கேட்பார்கள். குறைவாக ஓடியதுதான் காரணம்!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நெடுந்தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடாகி, அந்த ஆவி அப்படியே வெளியேறிவிடும். மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், ஸ்கூலுக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் சைலன்சர் சூடாவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம். ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்குகிறது. புகையில் உள்ள அமிலச் சத்தும் அதில் சேர்கிறது. வெளியே பளபளப்பாகத் தெரியும் டப்பா உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற ஊர்களில் உப்புக் காற்று வெளியிலிருந்தும் தன் பங்குக்கு அரிக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின் குழாயில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது இந்தத் தண்ணீர்தான். சில டப்பாக்களின் அடியில் இது வடிவதற்கென்றே கம்பெனியே ஒரு சின்னத் துளை போட்டிருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

அப்பா சொல்வது சரியா? வெல்டிங் போதுமா?

பாதி சரி. குழாயில் ஒரு ஜாயின்ட்டில் மட்டும் விரிசல், சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருக்கிறது என்றால் வெல்டிங் போதும். நிறைய வருஷம் வரும்.

டப்பாவே அரித்துப்போயிருந்தால் வெல்டிங் பிரயோஜனம் இல்லை. வண்டியை ராம்பில் ஏற்றியதும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஓட்டையைச் சுற்றி லேசாகக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் தகடு நன்றாக இருக்கிறது. அப்பளம் மாதிரி நொறுங்கினால், இன்று ஓட்டையை அடைத்தாலும் அடுத்த மாதம் பக்கத்திலேயே இன்னொன்று விழும். சோடா டின்னைச் சுற்றிக் கம்பி கட்டுவது, எம்-ஸீல் வைத்துப் பூசுவது எல்லாம் சூட்டில் நிற்காது. சத்தம் குறையும், ஆனால் புகை கசிந்துகொண்டிருக்கும். சத்தம் நின்றதும் நாம் கவனிப்பதையும் நிறுத்திவிடுவோம் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

மகன் சொல்வது சரியா? பவர் ஏறுமா?

தம்பி, இந்தப் பகுதி உனக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படி.

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் பாதையை முன்னாலிருந்து பின்னால் பார்ப்போம். முதலில் மேனிஃபோல்ட். அதை ஒட்டி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இன்ஜின் ஆட்டத்தைத் தாங்க வளையும் குழாய். நடுவில் ஒரு சின்ன டப்பா. கடைசியில் பெரிய டப்பாவும் பின் குழாயும். நாம் சைலன்சர் என்று சொல்வது இந்தக் கடைசி டப்பாவைத்தான். அதற்குள் தடுப்புகளும் துளைக் குழாய்களும் இருக்கும், சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும். சத்த அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டும், பஞ்சில் உறிஞ்சவிட்டும் அடக்குவதுதான் அதன் வேலை.

1.2 லிட்டர் குடும்பக் காரில் அந்தக் கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் பவர் ஏறுவது உன் காலுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்காது. ஓட்டும்போது 'ஏறிடுச்சு' என்று தோன்றுவது காது செய்யும் வேலை. சத்தம் கூடினால் வேகம் கூடிய மாதிரி இருக்கும். குழாயின் விட்டத்தைக் கண்டபடி கூட்டினால், குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் குறைந்து, சிக்னலில் கிளம்பும்போது இருக்கும் இழுவை முன்னைவிடக் குறையவும் செய்யலாம். 'இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும் ப்ரோ' என்று சிலர் சொல்வார்கள். வேண்டியது அழுத்தம் அல்ல. புகை ஒரே சீரான வேகத்தில் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் குழாயின் அளவை வைத்திருக்கிறார்கள்.

டர்போ இன்ஜினில் கதை கொஞ்சம் வேறு. அங்கே டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் பலன் உண்டு. ஆனால் அதை முழுதாகப் பெற இன்ஜினின் கம்ப்யூட்டரையும் திருத்த வேண்டும், பிறகு கிளட்ச், வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ் என்று செலவும் சிக்கலும் தொடரும்.

மைலேஜ்? ஓட்டை சைலன்சரை மாற்றினால் பழைய மைலேஜ் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கத்தில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டு பெட்ரோலைக் கூட்டி அனுப்பும். கசிவு நின்றால் அது சரியாகும். அந்தப் பலன் சாதாரண சைலன்சரிலேயே கிடைத்துவிடும். ஸ்போர்ட்ஸ் சைலன்சர் தேவையில்லை.

இன்னொன்று, ட்ரோன் என்று சொல்லும் 'ஊம்ம்ம்' என்ற ரீங்காரம். கடையில் நின்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக் கேட்கும்போது இனிமையாக இருக்கும் சத்தம், நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் போகும்போது மண்டைக்குள் ரீங்காரமிடும். பின் ஸீட்டில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதே.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்பது ஸீட் வரை உள்ள கார்கள் தயாராகி வரும்போது, விதிமுறைப்படி நடக்கும் சோதனையில் சத்தம் 74 டெசிபலைத் தாண்டக் கூடாது. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். எனவே 'கொஞ்சூண்டுதான் கூட' என்பது கொஞ்சூண்டு அல்ல. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இருக்க வேண்டிய அளவே 45 டெசிபல்தான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, எல்லா வண்டிகளுக்கும் சத்தத்தை அடக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது.

190-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். சத்தம், புகை விதிகளை மீறும் வண்டியை ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பவருக்கும் அது பொருந்தும். முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் செல்லாது. அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று தனியாக இருக்கிறது. ஆர்.சி. அப்பா பேரில் இருந்தால், மகன் ஆசைப்பட்டு மாட்டியதற்கு அப்பா பதில் சொல்ல வேண்டி வரும்.

அப்படியானால் வெளிக் கடையில் வாங்கிய சைலன்சர் போட்டாலே குற்றமா? பயம் வேண்டாம். அதே மாடலுக்கென்று செய்த, அதே அளவுக்குச் சத்தத்தை அடக்கும் சைலன்சரைப் பழையதற்குப் பதிலாக மாட்டுவது தேய்ந்த டயரை மாற்றுவது மாதிரி ஒரு ரிப்பேர். பிரச்னை, சத்தத்தைக் கூட்டுவதிலும் கன்வெர்ட்டரைக் கழற்றுவதிலும்தான்.

எதை வாங்கலாம்?

நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கம்பெனி ஒரிஜினல். விலை அதிகம், ஆனால் போல்ட்டுக்கு போல்ட் சரியாக உட்காரும். வாரன்ட்டி உள்ள வண்டிக்கு இதைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் மாடலுக்கென்றே மற்ற கம்பெனிகள் தயாரிக்கும் மாற்று சைலன்சர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் கிடைக்கும். 11 வருஷ வண்டிக்கு இதுவே பொருத்தமான வழி. வண்டியின் மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா, சேஸிஸ் நம்பர் எல்லாம் சொல்லி வாங்குங்கள். முடிந்தால் பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஃபிளாஞ்ச் துளைகள், தொங்கும் கொக்கிகள், குழாயின் வளைவு மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும். கையில் தூக்கிப் பாருங்கள். பழையதைவிட ரொம்ப லேசாக இருந்தால் தகடு மெலிசு என்று அர்த்தம்.

மூன்றாவது, பட்டறையில் அளவெடுத்துச் செய்து மாட்டுவது. மார்க்கெட்டில் பாகம் கிடைக்காத பழைய மாடல்களுக்கு இதுதான் கதி. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் அருமையாக அமையும். குழாயை வளைக்கும்போது நசுங்காமல் வளைக்கிறாரா, ஆர்கான் வெல்டிங் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

நான்காவது, புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய சாமான். சைலன்சரைப் பொறுத்தவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

'எஸ்.எஸ்.தான் சார், துருவே பிடிக்காது' என்று கடைக்காரர் சொன்னால், 'எந்த கிரேடு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 304 என்பது 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல் உள்ளது. நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் 18/8 என்று போட்டிருப்பார்களே, அதே குடும்பம். கடலோர ஊருக்கு உகந்தது. 409 என்பது குரோமியம் குறைவானது. கம்பெனி சைலன்சர்களில் நிறையப் பயன்படுவது. மேலே பழுப்பாகத் துருச்சாயம் ஏறும், ஆனால் சூட்டைத் தாங்கி உழைக்கும். 202 என்பது நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. மாடிப்படி கைப்பிடிக்குச் சரி, உப்புக்காற்றில் தொங்கும் சைலன்சருக்கு 304 அளவுக்குத் தாங்காது. காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஆனால் 409-ல் ஒட்டும். எனவே கிரேடை பில்லில் எழுதித் தரச் சொல்வதே நல்லது.

வெளிநாட்டு சைலன்சரில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு நம்பரும் குத்தியிருந்தால், அது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை. அங்கே குறிப்பிட்ட மாடல்களுக்குக் கொடுத்தது. அது இருப்பதாலேயே இங்கே உங்கள் வண்டிக்குச் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. தேன்கூடு மாதிரி இருக்கும் அதன் உள்பாகத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடைப் பெருமளவு ஆபத்தில்லாத வாயுவாக மாற்றுவது அதுதான்.

பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல கிராக்கி. அதனால்தான் சில இடங்களில், 'கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சு சார், எடுத்துட்டா வண்டி பறக்கும், ஃப்ரீயாவே எடுத்துத் தர்றேன்' என்பார்கள். யாரும் எதையும் ஃப்ரீயாக எடுத்துத் தருவதில்லை! அதை எடுத்துவிட்டால் செக் இன்ஜின் லைட் எரியும், புகைச் சோதனையில் தோற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னக் கசிவுகூடப் பின் ஸீட்டில் இருப்பவர்களுக்கு விஷமாகும். உங்கள் வேலை கடைசி டப்பாவை மாற்றுவது மட்டும் என்றால் கன்வெர்ட்டர் பக்கமே யாரும் கை வைக்கத் தேவையில்லை. எதைக் கழற்றினாலும், 'பழசை டிக்கியில போட்டுடுங்க தம்பி' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிஎஸ்-6 டீசல் வண்டிக்காரர்களுக்கும் இதுவே. டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதை வெட்டி எறிவது தீர்வு அல்ல. ஊருக்குள்ளேயே ஓட்டுவதால் வரும் அடைப்பு பல சமயம் நெடுஞ்சாலையில் 20 நிமிஷம் சீராக ஓட்டினாலே எரிந்து சுத்தமாகும். எப்படி ஓட்ட வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டால் ஸ்டட் முறியாமல் கழலும். வண்டியை ராம்பிலோ லிஃப்ட்டிலோ ஏற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் கொடுக்கச் சொல்லுங்கள், அடியில் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். துருத் தூள் கண்ணில் விழாமல் கண்ணாடி போடட்டும். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பதாக இருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அடிபடும். பெட்ரோல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருக்கின்றன என்பதை நினைவூட்டுங்கள்.

கேஸ்கெட், கிளாம்ப், தொங்கும் ரப்பர்கள் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். சைலன்சருக்குச் செலவு செய்துவிட்டு, வெடித்த பழைய ரப்பரில் தொங்கவிடுவது புதுப் புடவைக்குக் கிழிந்த ஃபால்ஸ் தைத்த மாதிரி. ரப்பரை ஏற்றக் கஷ்டமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றலாம். ஜாயின்ட்டில் சாதாரண சிலிக்கான் பசை பூசவிடாதீர்கள். அது சூட்டில் ஆவியாகி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் இடிக்காமல் இருக்கிறதா என்று நேர்ப்படுத்திவிட்டு, பிறகு இன்ஜின் பக்கமிருந்து பின்னோக்கி இறுக்கி வர வேண்டும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், டேங்க், ஒயர்கள் இவற்றுக்கும் சைலன்சருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். பின் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வண்டிக்கு அடியிலேயே முடிந்தால் புகை மறுபடியும் உள்ளேதான் ஏறும்.

மேலே இருக்கும் ஹீட் ஷீல்டு தகடு, 'கடகட'வென்று ஆடுகிறது என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். நம் ஊர்ப்பக்கம் அறுவடைக் காலத்தில் கொள்ளு, உளுந்து, சோளத்தட்டை எல்லாம் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அது வண்டி அடியில் சுற்றிக்கொண்டு சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். அந்த மாதிரி ரோட்டில் போக நேர்ந்தால், தாண்டியதும் நிறுத்தி அடியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்துவதும் வேண்டாம்.

காசு கொடுப்பதற்கு முன்

வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய வண்டியாக இருக்கும்போதே, மெக்கானிக் தடித்த துணியால் பின் குழாயை ஓரிரு விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். ஜாயின்ட் எங்காவது கசிந்தால் 'புஸ்' என்று கேட்கும். ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழியே காட்டிக்கொடுக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்ட் பக்கம் கசிவு இருக்கலாம். உங்கள் வண்டியில் கட்டாயம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் கசியும் புகைதான் அதிக விஷம். கூடவே டிக்கி பீடிங்கையும், தரையில் உள்ள ரப்பர் அடைப்புகளையும் சரி செய்துவிடுங்கள். புகைச் சான்றிதழைப் புதிதாக எடுத்துவிடுவதும் நல்லது. சைலன்சர் வேலை சரியாக நடந்ததா என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

ஒரு வாரம், அல்லது 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுபோய் எல்லா கிளாம்புகளையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புது சைலன்சரில் முதல் சில நாள் லேசான கருகல் வாடை வரும், அது எண்ணெய்ப் பிசுக்கு எரிவது. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள். பாட்டியையும் பேத்தியையும் மறுபடி பின் ஸீட்டில் ஏற்றுவதற்கு முன், பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு ஊருக்குள் பதினைந்து நிமிஷம் பின்னால் உட்கார்ந்து வந்து பார்க்கட்டும். தலைவலி திரும்ப வந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு பழக்கம் சொல்கிறேன். மாதம் ஒரு நாள், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியோ போடாமல், ஏசி போடாமல், ஒரு நிமிஷம் வண்டியின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். அதன் வழக்கமான சத்தம் உங்கள் காதுக்குப் பழகிவிட்டால், மாறும் அன்றைக்கே தெரிந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், வெளியே எடுத்து நிறுத்திக்கொண்டு கேளுங்கள்.

அடுத்த வாரம்: மழைக்காலம் வருவதற்கு முன் வைப்பர் பிளேடு வாங்குவது எப்படி?